விறகடுப்புப் புகைக்கூட்டுக்கு உட்குழாய்: திருகோணமலை வீட்டுக்காரரின் கேள்விகளும் பதில்களும்

உப்புவெளியிலிருந்து: மூடின விறகடுப்பு வாங்கியிருக்கிறம், வாய் 6 அங்குலம். பழைய செங்கல் புகைக்கூடு உள்ளளவு 9 அங்குலச் சதுரம். புகையை அதுக்குள்ளயே நேரா விட்டால் என்ன, அண்ணை?

புகை ஒழுங்காக ஏறாது. 6 அங்குல வாயின் பரப்பு 28 சதுர அங்குலம், உங்கள் கூட்டின் பரப்பு 81. அகன்ற இடத்துக்குள் போனதும் புகை வேகம் குறைந்து ஆறிவிடும். ஆறின புகையிலுள்ள நீராவியும் தாரும் செங்கல்லில் படியும். சுண்ணாம்புச் சாந்து அதை உறிஞ்சி, மறுபக்கச் சுவரில் மண்ணிறக் கறையாக விடும். தார் தடித்து ஒருநாள் தீப்பிடித்தால் உள்ளே வெப்பம் 1000 பாகை செல்சியஸை எட்டும். கூரை மரங்களுக்கு அதுதான் ஆபத்து. ஆகவே அடுப்பு வாயின் அளவுக்கே, 6 அங்குல உட்குழாய் (கூட்டுக்குள் இறக்கும் தனிக்குழாய்) போடுங்கள். அதைவிடச் சிறிதாக ஒருபோதும் வேண்டாம்.

நிலாவெளி: கடையில 304, 316எல் எண்டு ரெண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காட்டுறாங்கள். விலை வித்தியாசம் கூட. எது?

கடலோரத்தில் 316எல். அதிலுள்ள மொலிப்டினம் என்ற உலோகம், உப்பின் குளோரைட்டால் வரும் ஊசித்துளை அரிப்பைத் தாங்கும். 304 இந்த உப்புக் காற்றில் சீக்கிரம் புள்ளி விழும். நாள் முழுக்க எரிக்கிற அடுப்பென்றால் 904எல் இன்னும் நல்லது. காந்தம் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள், 304இலும் 316இலும் பெரிதாக ஒட்டாது. குழாயில் பொறித்த தர எண்ணைப் பாருங்கள். வளையும் குழாயென்றால் இரட்டைத் தோல் உள்ளதாக, உட்புறம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். ஒற்றைத் தோல் குழாய் காஸ் அடுப்புக்கு மட்டும்தான்.

ஜி.ஐ. (நாகம் பூசின இரும்பு) குழாய் மலிவு. அது போதாதா?

வேண்டாம். நாகப் பூச்சு வெப்பத்தில் உரிந்துவிடும், பிறகு தகடு துருப்பிடித்து ஓட்டையாகும். பழைய அஸ்பெஸ்டஸ் குழாயும் அதேபோல், சூட்டில் வெடித்துப் பிளக்கும்.

சாம்பல்தீவு: மேசனோட சேர்ந்து நாங்களே இறக்கலாமா, ஐயா? என்ன ஒழுங்கு?

இறக்கலாம், மேலே ஒருவர் கீழே ஒருவர் வேண்டும். முதலில் கூட்டைத் துடைத்து, குழாயின் அளவுக்கே ஒரு மணல்மூட்டையைக் கயிற்றில் இறக்கி அடைப்பில்லையென்று உறுதிசெய்யுங்கள். அதே கயிற்றால் உயரத்தை அளந்து, 1 அடி கூட்டி ஒரே துண்டாக வாங்குங்கள். நடுவில் பொருத்து வரக்கூடாது. குழாயில் உள்ள அம்புக்குறி மேல்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக இறக்கினால் உள் மடிப்புகளில் தார் தேங்கும்.

அடுப்பிலிருந்து வரும் துண்டுக்குழாய்களில் ஒடுங்கின முனை கீழ்நோக்கி, கீழ்க்குழாயின் உள்ளே போகவேண்டும். மாறிவிட்டால் தார் பொருத்து வழியே வெளியே ஒழுகும். பலரும் பிழைவிடுகிற இடம் இது. சுட்டமண் குழாய் போடுபவர்களுக்கும் இதே கணக்கு: அகன்ற வாய் மேலே.

அடியை இரும்புத் தகட்டால் மூடி, குழாய்க்கும் செங்கல்லுக்கும் இடைவெளியை வெர்மிகுலைட்டால் (சூட்டைத் தடுக்கிற இலேசான கனிமத் துகள்) நிரப்புங்கள். 9 அங்குலச் சதுரக் கூட்டில் 6 அங்குலக் குழாய்க்கு, 5 மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 165 லீற்றர் பிடிக்கும். 10 பங்குக்கு 1 பங்கு சீமெந்து கலந்தால் இறுகி நிற்கும். பின்னாளில் குழாயை மாற்ற நினைத்தால் கலக்காமல் விடுங்கள். மணலும் சாம்பலும் கொட்டாதீர்கள், ஈரம் பிடித்துக் குழாயை அரிக்கும்.

கடைசியில் மேல்வாயை அடைத்துவிட்டு அடியில் புகை போட்டுப் பாருங்கள். எங்கேயாவது கசிந்தால் எரிக்க வேண்டாம். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

தம்பலகாமம்: எங்கட குசினியில திறந்த அடுப்பு, மேல புகை பிடிக்கிற ஒரு கூடாரம். அதுக்கும் 6 அங்குலமா?

இல்லை, தங்கச்சி. திறந்த அடுப்பு அறைக்காற்றையும் சேர்த்து இழுக்கும். குழாயின் பரப்பு, அடுப்பின் முன்வாய்ப் பரப்பில் 15 சதவீதமாவது வேண்டும். 60 சென்ரிமீற்றர் அகலம், 45 உயரம் என்றால் 9 அங்குலக் குழாய்.

மூதூர்: அஸ்பெஸ்டஸ் சீற்றுக் கூரையில ஓட்டை போட்டு ஏத்தலாமா?

கிரைண்டரால் வெட்டாதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பாது. அந்த ஒரு சீற்றை முழுதாகக் கழற்றிவிட்டுத் தகரம் போட்டு, அதற்குள்ளால் எடுங்கள். வெறும் ஒற்றைக் குழாய் மரச்சட்டத்திலிருந்து குறைந்தது 450 மில்லிமீற்றர் தள்ளி நிற்கவேண்டும். கூரையைத் தாண்டுமிடத்தில் வெப்பத் தடுப்புள்ள இரட்டைச்சுவர்க் குழாய்தான்.

கச்சான் (தென்மேல் காற்று) அடிக்கிற மாசங்களில புகை திரும்பி வருது. வாடைக் காத்தில அப்பிடியில்லை.

குழாய் முனை முகட்டுக்குக் கீழே நிற்கிறது. முகட்டிலிருந்து 600 மில்லிமீற்றராவது உயர்த்துங்கள், பக்கத்தில் தென்னை இருந்தால் இன்னும் கூட. காற்று வரும் பக்கத்துக் கதவைத் திறந்து வையுங்கள். எதிர்ப்பக்கம் மட்டும் திறந்திருந்தால் வீடே புகையை உள்ளே இழுக்கும்.

கிண்ணியா: உடைஞ்ச வள்ளப் பலகை நிறையக் கிடக்கு. எரிச்சா?

வேண்டாம், நானா. கடல் உப்பு ஊறின பலகையின் புகை 316எல்லையும் தின்னும், வர்ணப்பூச்சு நஞ்சு கக்கும். ஈரம் 20 சதவீதத்துக்குக் குறைந்த முதிரை, வேம்பு, காய்ந்த சிரட்டை நல்லது. ஈரப் பொச்சு (தேங்காய் மட்டை) தாரைத்தான் கூட்டும். தார் 3 மில்லிமீற்றர் படிந்தால் உடனே நைலோன் தூரிகையால் துடையுங்கள். கம்பித் தூரிகை குழாயைக் கீறும்.