ஸ்டார் சிட்டிசன் வாங்கலாமா? கேட்டவர்களுக்கு ஒரு விளையாட்டுக்காரனின் பதில்கள்

கப்பலில் ஏறி அண்டவெளியில் திரியும் இந்த கேமைப் பற்றி ஊர்ப் பெடியளிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன். நான் இதை விளையாடுகிறவன், விற்கிறவன் இல்லை.

அண்ணா, இது எப்பதான் முடியும்? (கொக்குவில்)

அது யாருக்கும் தெரியாது தம்பி. விங் கொமாண்டர் என்ற பழைய விண்வெளி கேமைச் செய்த கிறிஸ் ரொபேர்ட்ஸ் 2012 ஒக்டோபரில் இதை அறிவித்தார், 2014 இல் வரும் என்றார். இன்னும் அல்பாதான், அதாவது முடிக்காத சோதனைப் பதிப்பு. அதே 2012 இன் கடைசியில் மக்களிடம் காசு சேர்க்கத் தொடங்கிய, இதே மாதிரி விண்வெளி கேமான எலீட் டேஞ்சரஸ் 2014 டிசெம்பரில் வந்துவிட்டது. அதில் கப்பலுக்குள் எழும்பி நடக்க முடியாதுதான். ஆனாலும் சொன்னதை முடித்துக் கையில் கொடுத்தார்கள்.

70 கோடி டொலருக்கு மேல் சேர்த்தார்களாம். ஏமாற்று வேலையா? (திருநெல்வேலி)

2024 இலேயே அந்தத் தொகையைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், வேலை கண்ணுக்குத் தெரிகிறது. 2017 டிசெம்பரில் வந்த 3.0 பதிப்பில், லோடிங் திரை எதுவும் இல்லாமல் வெளியிலிருந்து நேரே நிலாக்களில் இறங்க முடிந்தது. 2024 டிசெம்பரில் 4.0 வந்தது. அதுவரை ஒரு சேர்வர் தனியாகச் சுமந்த உலகத்தைப் பல சேர்வர்கள் பங்குபோட்டுச் சுமக்கத் தொடங்கின, ஒரே உலகத்தில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து விளையாடலாம். இதெல்லாம் லேசான வேலை இல்லை.

என் கோபம் வேறு இடத்தில். இவர்களின் வருமானம் கேமுக்குள் ஓட்டும் கப்பல்களை உண்மைக் காசுக்கு விற்பதில் இருந்து வருகிறது. அதிலும் பல கப்பல்கள் வெறும் படமாக இருக்கும்போதே விற்பனைக்கு வந்துவிடும். பானு மெர்ச்சன்ட்மன் என்ற வியாபாரக் கப்பலை 2013 இல் விற்றார்கள், 2024 முடியும்வரை அது பறக்கவில்லை. அத்திவாரம் காய முன்னமே மூன்றாம் மாடி ஜன்னலுக்குக் காசு வாங்குகிற கதை. பழைய கப்பலைச் செய்து முடித்தால் புதுக் காசு வராது, புதுப் படம் ஒன்று கீறினால் வரும். பிறகு யார் முடிப்பார்கள்? சோம்பல், திறமைக் குறைவு என்று திட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

நூறு நட்சத்திரத் தொகுதிகள் என்றார்களே? (பருத்தித்துறை)

2024 முடியும்போது கையில் இருந்தவை ஸ்டான்டன், பைரோ. இரண்டுதான். மிச்சக் கணக்கை நீங்களே போடுங்கள்.

தனியாக விளையாடும் ஸ்குவாட்ரன் 42 என்ன ஆனது? (கோண்டாவில்)

இவர்களே செய்கிற, கதையோடு போகும் கேம் அது. மார்க் ஹமில், கேரி ஓல்ட்மன் போன்ற ஹொலிவூட் நடிகர்கள் எல்லாம் நடித்திருக்கிறார்கள். 2023 இல் அம்சங்கள் முழுதும் சேர்ந்துவிட்டன, இனி மெருகூட்டல்தான் என்றார்கள். அடுத்த வருடம் மன்செஸ்டரில் நடந்த தங்கள் மாநாட்டு மேடையில் அதன் தொடக்கத்தை ஓட்டிக் காட்டினார்கள். பார்க்க அபாரம், ஆனால் மேடையிலேயே க்ராஷ் ஆனது. வெளியீடு 2026 என்று சொன்னதும் அங்கேதான். எனக்கு இதில்தான் கொஞ்சம் நம்பிக்கை, ஏனென்றால் முடித்து வெளியிட்டால்தான் இதற்குப் பெரிய காசு வரும். முன்பதிவு மட்டும் செய்யாதீர்கள்.

என் லைனில் ஓடுமா அண்ணா? (சாவகச்சேரி)

லைனை விட கம்பியூட்டரைப் பற்றி யோசியுங்கள். எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் கட்டாயம், சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் போட்டால் வெறுத்துவிடும். 16 ஜிபி ராம் என்று எழுதியிருப்பார்கள், நிம்மதியாக விளையாட 32 வேண்டும். இறக்க 100 ஜிபிக்கு மேல் போகும், அப்புறம் ஒவ்வொரு பெரிய அப்டேட்டும் தன் பங்குக்குத் தின்னும். மாத டேட்டா எண்ணி வைத்திருக்கிற வீடென்றால் இரவு டேட்டாவில் இறக்குங்கள்.

தம்பி, மகன் கேட்டு அடம் பிடிக்கிறான். மாதாமாதம் கட்ட வேண்டுமா? (மானிப்பாய்)

கட்டாய மாதச் சந்தா இல்லை அக்கா. ஆரம்பப் பொதி 45 டொலர் அளவில், டொலர் 300 ரூபா என்று வைத்தால் 13,500 ரூபா. அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வருடத்தில் சில தடவை இலவசமாக விளையாட விடுவார்கள், அப்போது அவன் ஓட்டிப் பார்க்கட்டும். வாங்கினாலும் உங்கள் கார்ட் இலக்கத்தை அந்தக் கணக்கில் சேமித்து வைக்க விடாதீர்கள்.

ரொறன்ரோ மாமா பெரிய கப்பல் ஒன்று வாங்கித் தருகிறாராம். எதைக் கேட்கலாம்? (நல்லூர்)

ஒன்றும் கேட்காதீர்கள். இன்று பறக்கிற கப்பல்களில் பெரும்பாலானவற்றை கேமுக்குள் உழைத்த காசிலேயே வாங்கலாம். அல்பா என்பதால் அந்த உழைப்பை இடைக்கிடை அழித்துவிடுவார்கள் என்பது உண்மைதான், அதற்காக டொலரைக் கொட்டுவதா? 2018 இல் கப்பல்கள் எல்லாம் சேர்ந்த ஒரு பொதியை 27,000 டொலருக்கு விற்றார்கள். ஏற்கெனவே ஆயிரம் டொலர் செலவழித்தவர்களுக்குத்தான் அந்த இணையப் பக்கமே திறந்தது! அந்த வரிசையில் மாமாவைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். ஆசையாகத் தருகிறார் என்றால் 32 ஜிபி ராம் கேளுங்கள். மற்ற கேமுக்கும் உதவும்.