காலையில் எழுந்ததும் தும்மல் நிற்கவே மாட்டேன் என்கிறது. வீட்டுக்குள் அலர்ஜியைத் தூண்டுபவற்றை எப்படிக் குறைப்பது?

எனக்கும் பல வருடம் இதே கதைதான். கண் விழித்ததும் தும்மல் ஆரம்பிக்கும். பத்து, பன்னிரண்டு என்று எண்ணிப் பார்த்துவிட்டு, எண்ணுவதையே விட்டுவிட்டேன். மூக்கு அடைத்து, கண் அரித்து, ஒருவழியாக வெளியே கிளம்பினால் அரை மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். வெளியே போனால் சரியாகிறதே, அப்படியானால் வினை வீட்டுக்குள்தானே என்று யோசிக்கத் தோன்றவில்லை. தெருத்தூசிதான் காரணம் என்று முடிவு கட்டி ஜன்னல்களை எல்லாம் சாத்தினேன். ஏர் ப்யூரிஃபையர் ஒன்றும் வாங்கிக் கூடத்தில் வைத்தேன். தும்மல் படுக்கையறையில், மெஷின் கூடத்தில்!

அதனால் முதலில் உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு டாக்டரிடம் தோல் பரிசோதனை உண்டு. அலர்ஜி தரக்கூடிய பொருள்களின் சாறு கலந்த சொட்டுகளை முன்கையில் வரிசையாக விட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஊசி நுனியால் லேசாகக் குத்திப் பார்ப்பார்கள். கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். அலர்ஜி மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். எத்தனை நாள் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் முதல் நாள் இரவு மாத்திரை போட்டுக்கொண்டு போய், சும்மா திரும்பி வந்தேன். இரண்டாம் முறை ஒரு சொட்டு மட்டும் கொசு கடித்ததுபோலத் தடித்துச் சிவந்தது. டஸ்ட் மைட், அதாவது தூசு உண்ணி.

இதன் நீளம் மில்லிமீட்டரில் கால் பங்குதான். கடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் இதற்குச் சாப்பாடு. நமக்கு ஆகாதது முக்கியமாக இதன் எச்சத்திலுள்ள புரதம். வீட்டுத்தூசி அலர்ஜிக்கு இந்த உண்ணிதான் காரணம் என்று 1964-ல் நெதர்லாந்தில் வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோர் கண்டறிந்தார்கள். செதிலும் கதகதப்பும் வியர்வை ஈரமும் சேர்ந்து கிடைக்கும் இடம் எது? நாம் தினமும் ஏழெட்டு மணி நேரம் முகம் புதைத்துக் கிடக்கும் தலையணைதான். என் பழைய தலையணையை வெயில் விழும் ஜன்னலோரம் ஒரு தட்டுத் தட்டினேன். எழும்பிய புகையைப் பார்த்த என் மனைவி அன்றே அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

ஆகவே வீடு முழுவதையும் ஒரே நாளில் கவிழ்த்துப் போட்டுச் சுத்தம் செய்யாதீர்கள். படுக்கையில் தொடங்குங்கள். மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமான நெசவுள்ள, ஜிப் வைத்து எல்லாப் பக்கமும் மூடும் உறை போடுங்கள். விரிப்பு, போர்வை, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் எச்சம் பெரும்பாலும் போய்விடும், உண்ணி சாகாது. உறையை மட்டும் மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. 2003-ல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், உறை மட்டும் போட்டவர்களுக்குச் சொல்லும்படியான பலன் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும்.

தூசு உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித்தான் உயிர் வாழ்கிறது. அறையின் ஈரப்பதம் தொடர்ந்து 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் காய்ந்து போகும். அதனால் துவைத்த துணியைப் படுக்கையறையில் காயப்போடும் பழக்கத்தை விட்டேன்.

பெருக்குவதில்தான் நான் அதிகம் தப்பு செய்திருக்கிறேன். உண்ணியின் எச்சம் கொஞ்சம் கனமானது. கிளப்பினால் பறக்கும், அரை மணி நேரத்துக்குள் படிந்துவிடும். பெரும்பாலும் காற்றில் இல்லாத ஒன்றை ஏர் ப்யூரிஃபையர் எப்படி இழுக்கும்? உலர்ந்த துடைப்பத்தால் விளாசியபோதெல்லாம் நானேதான் கிளப்பிவிட்டு நானே மூச்சில் இழுத்திருக்கிறேன். இப்போது ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. முடிந்தால் அலர்ஜி இல்லாதவர் துடைக்கட்டும், நீங்கள் சற்று நேரம் வெளியே இருங்கள். (வீட்டு வேலையிலிருந்து தப்பிக்க இதைவிட நல்ல சாக்கு கிடையாது.)

பூனை அலர்ஜி என்றால் கணக்கு வேறு. பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள புரதம் மிக நுண்ணிய துகள்களில் ஒட்டி மணிக்கணக்கில் மிதக்கும். அங்கே, நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள ப்யூரிஃபையர் ஓரளவு உதவும். பூனையை வேறிடம் அனுப்பிய பிறகும் அந்தப் புரதம் வீட்டில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும் என்பதால், பத்து நாள் பார்த்துவிட்டுப் பூனைமேல் தப்பில்லை என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

பூஞ்சைக்கு, கசிவை அடைப்பதுதான் வைத்தியம். கறுத்த சுவர்மேல் பெயின்ட் அடித்தால் சில மாதத்தில் மறுபடி எட்டிப் பார்க்கும். அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அங்கேதான் ஓர் ஆள் உயரத்துக்குப் படர்ந்திருந்தது. கரப்பானின் எச்சமும் அலர்ஜி தரும், இரவில் பாத்திரம் கழுவாமல் விடாதீர்கள்.

பலன் தெரிய எனக்கு இரண்டு மூன்று மாதம் ஆனது. தும்மல் அறவே நிற்கவில்லை. காலையில் இரண்டு, சில நாள் மூன்று. மூக்கு ஸ்ப்ரேயையும் டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை. உங்களுக்குத் தும்மலோடு இரவில் இளைப்போ நெஞ்சில் விசில் சத்தமோ வந்தால், மெத்தை உறையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் டாக்டரைப் பாருங்கள்.