ஒரு மணி நேரம் என்று ஏன் சொன்னீர்கள்?

கேள்வி: சென்னை விமான நிலையத்தில் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். என் ‘ஆன் கால்’ வாரத்தின் கடைசி இரவில், இறங்கிய விமானமொன்றின் எஞ்சினில் பறவை அடிபட்டிருப்பதாக அழைப்பு வந்தது. மறுநாள் விடியற்காலை மகளின் காதுகுத்துக்காகக் குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்ப வேண்டும். வழக்கம்போல, ‘ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனேன், திரும்பியபோது மதியம். முகூர்த்தம் தவறிவிட்டது. மனைவி பேசுவதில்லை, மாமனாருக்கும் கோபம். இந்த வேலையின் அவசரத்தை இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?
- பல்லாவரம் வாசகர்

பதில்: பொறியாளர் பார்த்துக் கையெழுத்திடாமல் அந்த விமானம் கிளம்பக் கூடாது என்பது யாருக்கும் புரியும். நீங்கள் போனது சரி. ‘வழக்கம்போல’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

பறவை எஞ்சினுக்குள் போயிருந்தால் முன்விசிறியைப் பார்ப்பதோடு வேலை முடியாது. போரோஸ்கோப் என்னும் குழாய்க் கேமராவை உள்ளே செலுத்தி பிளேடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், சேதம் தெரிந்தால் அது கையேடு அனுமதிக்கும் அளவுக்குள் இருக்கிறதா என்று அளக்க வேண்டும், இல்லையென்றால் உதிரிபாகம் வந்து சேரும்வரை விமானம் தரையிலேயே நிற்கும் என்பதெல்லாம் வாசலில் செருப்பை மாட்டும்போதே உங்களுக்குத் தெரியும். தெரிந்தே ஒரு மணி நேரம் என்றீர்கள்.

உங்கள் தொழிலில் ஒரு பழுதைத் தள்ளிவைப்பதற்குக்கூடக் கெடு உண்டு. எந்தப் பழுதோடு விமானம் எத்தனை நாள் பறக்கலாம் என்று சொல்லும் எம்.இ.எல். பட்டியலில் பி வகை என்றால் 3 நாள், சி என்றால் 10, டி என்றால் 120. விமானத்தின் பழுதுப் பதிவேடான டெக் லாக்கில் ‘சீக்கிரம் பார்த்துவிடுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுவீர்களா? உரிமம் என்ன ஆகும்? வீட்டில் கேட்க ஆளில்லை என்ற துணிச்சல்தானே இது!

உள்ளதைச் சொல்லியிருந்தால் உங்கள் மனைவி அன்றிரவே அண்ணனையோ தம்பியையோ கூப்பிட்டு, நீங்கள் இல்லாமலே கிளம்பியிருப்பார். காது குத்தத் தாய்மாமன் மடிதான் வேண்டும்; அப்பா வராவிட்டாலும் அது நடக்கும். (வருத்தமாக இருந்தால் இருக்கட்டும்.) உங்கள் சொல்லை நம்பியதால்தான் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முகூர்த்தம் தவறிய பழியை அந்தப் பறவையின் மேல் போடாதீர்கள். ஊரார் உயிருக்குக் கையெழுத்திடுபவர் கட்டிய மனைவியிடம் வாய்க்கு வந்த நேரத்தைச் சொல்வதை, கடமையின் பெயரால் என்னால் மன்னிக்க முடியாது.

மாமனாரிடம் போய் விமானத்தைப் பற்றி வகுப்பெடுக்காதீர்கள். ‘நேரமாகும் என்று தெரிந்தே பொய் சொன்னேன்’ என்று மனைவியின் முன்னிலையில் ஒப்புக்கொள்ளுங்கள். அடுத்த அழைப்பு வரும்போது, என்ன பழுது, குறைந்தது எத்தனை மணி நேரம், எனக்காகக் காத்திருக்கலாமா கூடாதா என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டுங்கள். சோதனையில் வேலை நீளும் என்று தெரிந்த கணமே ஒரு செய்தி அனுப்புங்கள். காதுகுத்துக்குப் புதுநாள் குறிக்க உட்காரும்போது பஞ்சாங்கத்தோடு உங்கள் ரோஸ்டரையும் எடுத்துவந்து மனைவி கையில் கொடுங்கள்.