உடைந்த தட்டுக்கும் ஒரு வக்ஃபு: கேள்வி பதில்

வக்ஃபு பற்றி, அதாவது விற்கவோ வாரிசுக்குக் கொடுக்கவோ முடியாதபடி அறத்துக்காக நிறுத்திவைக்கும் சொத்து பற்றி, கேள்விகள் அனுப்பலாம் என்றதும் வந்து சேர்ந்தவற்றில் பாதி, காலைச் செய்தித்தாளில் வக்ஃபு திருத்தச் சட்டம் பற்றிப் படித்த கோபத்தோடு எழுதப்பட்டவை. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் எதைப் பறிகொடுக்கிறோம் என்று தெரியாமல் கோபப்படுவதில் பயனில்லை. பழைய வக்ஃபுப் பத்திரங்களை வாசிப்பதிலும், ஃபிக்ஹு (இஸ்லாமியச் சட்ட) நூல்களோடு அவற்றை ஒப்பிடுவதிலும் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

திருச்சி, கல்லூரி மாணவி: ஐயா, குர்ஆனில் வக்ஃபு என்ற சொல் இருக்கிறதா? ஜகாத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இந்தப் பொருளில் அந்தச் சொல் குர்ஆனில் இல்லை, மகளே. நீங்கள் விரும்புவதிலிருந்து செலவிடாத வரை நன்மையை அடைய மாட்டீர்கள் என்ற வசனம் (3:92) இருக்கிறது. அதைக் கேட்டதும் நபித்தோழர் அபூதல்ஹா (ரலி), தமக்கு மிகப் பிடித்த பைருஹா தோட்டத்தைக் கொடுத்துவிட முன்வந்தார்.

வக்ஃபின் சட்ட வடிவத்துக்கு வித்திட்டது நபித்தோழர் உமர் (ரலி) அவர்களின் நிலம். கைபரில் அவருக்கு நல்ல நிலம் ஒன்று கிடைத்தது. என்ன செய்யலாம் என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். விரும்பினால் மூலத்தை நிறுத்திவைத்து, அதன் பலனைத் தர்மம் செய்யுங்கள் என்றார்கள். விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுக்குப் போகக் கூடாது. பலன் ஏழைகளுக்கு, உறவினர்களுக்கு, அடிமைகளை விடுவிக்க, வழிப்போக்கர்களுக்கு, விருந்தினர்களுக்கு. வக்ஃபு என்ற சொல்லுக்கே நிறுத்தி வைத்தல் என்றுதான் பொருள்.

ஜகாத் கடமை. சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கு ஆண்டுதோறும் உரியவர் கைக்குப் போய்ச் செலவாகிவிடும். வக்ஃபில் மரம் நிற்கும், காய் மட்டும் போகும்.

கம்பம், ஆசிரியை: ஒரு பெண் முத்தவல்லியாக (வக்ஃபின் நிர்வாகியாக) இருக்கலாமா? எங்கள் ஜமாஅத்தில் இதைக் கேட்டால் சிரிக்கிறார்கள்.

மேலே சொன்ன உமர் (ரலி) அவர்களின் அதே நிலத்தை, அவருக்குப் பிறகு யார் பராமரிக்க வேண்டும் என்று எழுதிவைத்தார் தெரியுமா? தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களின் பெயரை. உயிரோடு இருக்கும்வரை அவர், பிறகு குடும்பத்தில் நல்லறிவு உடையவர். அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் இந்தப் பத்திரத்தின் வாசகமே இருக்கிறது. சிரிப்பவர்களுக்கு அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுங்கள், சகோதரி.

மேலப்பாளையம், வாசகர்: பள்ளிவாசல், கப்ருஸ்தான், மதரஸா. இவை தவிர வேறு எதற்கெல்லாம் வக்ஃபு செய்தார்கள்?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

1326இல் டமாஸ்கஸுக்குப் போன பயணி இப்னு பதூதா, அங்கிருந்த வக்ஃபுகளின் வகைகளுக்குக் கணக்கே இல்லை என்று வியக்கிறார். ஹஜ்ஜுக்குப் போக முடியாதவர்களுக்குப் பதிலாகப் போய்வருபவர்களின் செலவுக்கு ஒன்று. வசதியற்ற வீட்டுப் பெண்களின் கல்யாணச் சீருக்கு ஒன்று. கைதிகளை மீட்க ஒன்று. தெருக்களுக்குக் கல் பாவ ஒன்று.

ஒருநாள் அவர் ஒரு சந்து வழியாகப் போகிறார். அடிமைச் சிறுவன் ஒருவன் கையிலிருந்த சீனப் பீங்கான் தட்டைத் தவறவிட்டு உடைத்துவிடுகிறான். கூட்டம் கூடுகிறது. கூட்டத்தில் ஒருவர், சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திர வக்ஃபின் பொறுப்பாளரிடம் போ என்கிறார். பையன் போகிறான். உடைந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு, அதே மாதிரித் தட்டு வாங்கப் பணம் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்த வக்ஃபு இல்லாவிட்டால் எஜமான் பையனை அடித்திருப்பான், குறைந்தது திட்டியிருப்பான். அவன் மனமும் உடைந்திருக்கும் என்று எழுதுகிறார் இப்னு பதூதா.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. யாரோ ஒரு செல்வர், ஓர் அடிமைச் சிறுவனின் பயத்தை நினைத்துப் பார்த்து, அதற்காகத் தன் சொத்தில் ஒரு பங்கை ஒதுக்கியிருக்கிறார். மார்க்கச் சிந்தனை சமூகத்துக்குள் இறங்குவது என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். அடிமை முறையைக் கேள்வி கேட்காமல் தட்டுக்கு மட்டும் பணம் கொடுத்தார்களே என்று நீங்கள் கேட்டால், அந்தக் கேள்வியும் நியாயமானதுதான். இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைக்க வேண்டும்.

இன்றும் இயங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஜெரூசலேம் போக வேண்டும். உஸ்மானிய சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரம் 1552இல் நிறுவிய அன்னக்கூடம், இன்றைக்கும் ஏழைகளுக்கு உணவு கொடுத்துக்கொண்டிருக்கிறது.

காயல்பட்டினம், வணிகர்: காக்கா, அஸ்ஸலாமு அலைக்கும். சொந்தப் பிள்ளைகளுக்கே வக்ஃபு எழுதிவைப்பது தர்மமா? சொத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் தந்திரம் போலத் தெரிகிறதே?

வ அலைக்குமுஸ்ஸலாம், தம்பி. அன்றைய இந்திய வழக்குகளின் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலின் நீதிபதிகளும் இப்படித்தான் நினைத்தார்கள். 1894இல் வங்காளத்து வழக்கு ஒன்றில், வருமானம் தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்துக்கே போகிறது, ஏழைகளின் பங்கு வெறும் பெயரளவுக்கு என்று சொல்லி அந்த வக்ஃபு செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். ஆங்கிலச் சட்டத்தில் தர்மம் என்றால் ஊராருக்குச் செய்வது. குடும்பத்துக்குச் செய்வது தர்மக் கணக்கில் வராது.

நம் மரபில் அப்படியில்லை. பைருஹா தோட்டத்தைக் கொடுக்க வந்த அபூதல்ஹாவிடம், அதை உம் உறவினர்களுக்கே பங்கிடும் என்றுதான் நபியவர்கள் சொன்னார்கள். மனைவி மக்களுக்குச் செலவிடுவதும் சதகாதான், அதாவது தர்மம்தான். ஒரு மார்க்கத்தின் தர்மக் கருத்தை இன்னொரு நாட்டின் அளவுகோலால் அளந்ததில் நேர்ந்த பிழை அது. இந்திய முஸ்லிம்கள் விடவில்லை. ஷிப்லி நுஃமானி போன்ற ஆலிம்கள் ஆதரவு திரட்டினார்கள். குடும்ப வக்ஃபும் செல்லும் என்ற மசோதாவை 1911இல் கொண்டுவந்தவர் முகமது அலி ஜின்னா. 1913இல் அது சட்டமானது. பழைய பத்திரங்களுக்கும் அது செல்லும் என்பதற்கு 1930 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் உங்கள் சந்தேகத்தை முழுவதும் தள்ளிவிட மாட்டேன். நான் வாசித்த பத்திரங்களில் மகள்களின் வாரிசுப் பங்கை ஒழிப்பதற்கென்றே எழுதப்பட்டவை உண்டு. ஆண் வழியில் மட்டும், ஆண் வழியில் மட்டும் என்று வரிக்கு வரி வரும். குர்ஆன் பெண்ணுக்குக் கொடுத்த பங்கை வக்ஃபின் பெயரால் பிடுங்குவது பாவம். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

சென்னை, வங்கி ஊழியர்: நிலம் இல்லாதவர் பணத்தை வக்ஃபு செய்யலாமா?

16ஆம் நூற்றாண்டில் இஸ்தான்புல்லையே இரண்டாகப் பிரித்த கேள்வி இது. அப்போது அங்கே பண வக்ஃபு பரவலாகிவிட்டது. ஒருவர் ஆயிரம் வெள்ளிக்காசு வைப்பார். முத்தவல்லி அதைக் கடனாகக் கொடுப்பார். வரும் லாபத்தில் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம், தெருக் குழாய்க்குப் பராமரிப்பு.

இமாம் பிர்கிவி கடுமையாக எதிர்த்தார். காசு, செலவழித்தால் தீர்ந்துபோகும் பொருள். நிலைத்து நிற்காததை எப்படி நிறுத்தி வைப்பது? போதாக்குறைக்கு அந்த லாபம் வட்டி இல்லாமல் வேறென்ன? மறுபக்கம் ஷைகுல் இஸ்லாம் (உஸ்மானியப் பேரரசின் தலைமை மார்க்கத் தீர்ப்பாளர்) அபுஸ்ஸுஊத் எஃபெந்தி. 1545 முதல் 1574 வரை அந்தப் பதவியில் இருந்தவர். மக்கள் வழக்கில் ஊன்றிவிட்டால் அசையும் பொருளையும் வக்ஃபு செய்யலாம் என்ற, ஹனஃபி எனும் சட்ட மரபின் பழைய கருத்தை எடுத்துக்கொண்டார். இதைத் தடுத்தால் எண்ணற்ற அறப்பணிகள் ஒரே நாளில் நின்றுபோகும் என்பதும் அவர் கவலை. அவர் பக்கமே வென்றது.

என் மனம் பிர்கிவியின் பக்கம் சாய்கிறது. பசித்தவனுக்குச் சோறு போட, கடன்பட்டவனிடம் வட்டி வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் பணத்தை வக்ஃபு செய்வதே தவறு என்று ஆகிவிடாது. கடன் கொடுப்பதை விட்டு, ஹலாலான வணிகத்தில் முதலிட்டு லாபத்தைச் செலவிடும் வழி இருக்கிறது. இந்தோனேசியா 2004ஆம் ஆண்டின் 41ஆம் எண் சட்டத்தில் பண வக்ஃபுக்கு இடம் கொடுத்திருக்கிறது.

கோவை, பொறியாளர்: வக்ஃபு சொத்தை முடக்கிவைத்ததுதான் முஸ்லிம் நாடுகள் பொருளாதாரத்தில் பின்தங்கக் காரணம் என்கிறார்களே?

பாதி உண்மை. வக்ஃபு செய்தவரின் நிபந்தனை, ஷரீஅத்தின் வாசகத்துக்கு நிகர் என்பது பழைய விதி. அதை இறுகப் பிடித்தவர்கள், காலம் மாறியும் இடிந்த குளியல்கூடத்தையே காத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பயனற்றுப்போன சொத்தைக் காழியின் (நீதிபதியின்) அனுமதியோடு வேறு சொத்தாக மாற்றிக்கொள்ளும் இஸ்திப்தால் என்ற வழியையும் அதே ஃபகீஹ்கள், அதாவது சட்ட அறிஞர்கள்தான் வகுத்தார்கள். அதைக் காட்டி நல்ல சொத்துகளைக் கைமாற்றிய ஊழலும் நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறந்துவிடும் மறுபாதி அரசு. உஸ்மானியர்கள் 1826இல் வக்ஃபுகளை ஓர் அரசுத் துறையின் கீழ்க் கொண்டுவந்தார்கள். 1830இல் அல்ஜீரியாவைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அங்கே வக்ஃபுச் சொத்துகளை எடுத்துக்கொண்டார்கள். எகிப்து 1952இல் குடும்ப வக்ஃபை ஒழித்தது. 1961இல் கெய்ரோவின் மார்க்கக் கல்வி நிறுவனமான அல்அஸ்ஹரையே அரசின் பிடிக்குள் கொண்டுவந்தது. வக்ஃபிலிருந்து சொந்த வருமானம் இருந்தவரை ஓர் ஆலிம் ஆட்சியாளரைப் பார்த்து இது தவறு என்று சொல்ல முடிந்தது. சம்பளம் அரசிடமிருந்து வரத் தொடங்கிய பிறகு அந்தக் குரல் என்ன ஆயிற்று என்பதைக் கண்முன் பார்க்கிறோம். வக்ஃபு போனதில் கட்டடங்களைவிட இந்தச் சுதந்திரம் போனதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

மன்னார்குடி, வாசகர்: நான் இந்து. எங்கள் கோயில் தேவதானம் போலத்தானே இது?

நெருங்கிய உறவு உண்டு, ஐயா. திருப்புல்லாணிக் கோயிலில் உள்ள பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று, சோனகர் (முஸ்லிம்) பள்ளிக்கு விட்ட கொடையைப் பள்ளிச்சந்தம் என்ற சொல்லாலேயே குறிக்கிறது. சமணப் பள்ளிகளுக்கு வழங்கிய அதே சொல். நாகூர் தர்காவின் மிக உயரமான மனாராவை (கோபுரத்தை) கட்டியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங். மன்னர் கருவூலத்திலிருந்து விடும் மானியத்தை ஃபகீஹ்கள் இர்ஸாது என்று தனியாகப் பெயரிட்டார்கள், தன் சொந்தச் சொத்தைக் கொடுப்பதுதான் வக்ஃபு என்பதால். தேவதானத்தில் சொத்து தெய்வத்தின் பெயரில் இருக்கும். இங்கே மனித உடைமையிலிருந்து நீங்கி அல்லாஹ்வுக்கு உரியதாகிறது. நடைமுறையில் இரண்டிலும் வருவது ஒரே நோய்தான்: குத்தகை எடுத்தவரின் பேரன்வரை அதே குத்தகை தொடரும், வாடகை மட்டும் அதே ஐம்பது ரூபாய்.

பினாங்கு, வாசகர்: எங்கள் ஊர் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தமிழர் வக்ஃபுதானே?

ஆம். காதர் முகையதீன் மரைக்காயர் தலைமையில் நம் கடற்கரைவாசிகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. பின்னாளில் பிரிட்டிஷார் பள்ளிவாசல், கோயில் இரண்டின் சொத்துகளையும் ஒரே வாரியத்தின் கீழ் வைத்தார்கள்.

ஆம்பூர், வழக்கறிஞர்: 2025 வக்ஃபு திருத்தச் சட்டம் பற்றி உங்கள் கருத்து?

எனக்கு மிகவும் வலிப்பது, பயன்பாட்டால் வக்ஃபு (பத்திரம் இல்லாவிட்டாலும் நெடுநாள் பயன்பாடே வக்ஃபுக்கு ஆதாரம்) என்ற கருத்தை இனிமேல் ஏற்பதில்லை என்று சட்டம் சொல்வது. ஒரு கிராமத்து மையவாடிக்குப் பத்திரம் எங்கே இருக்கும்? பாட்டனைப் புதைத்த இடம், பூட்டனைப் புதைத்த இடம், அவ்வளவுதான் ஆதாரம். ஊரறிந்த செய்தியையே சாட்சியமாக ஏற்கலாம் என்று ஹனஃபிச் சட்டம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சொன்னது இதனால்தான். ஐந்து ஆண்டுகள் மார்க்கத்தைக் கடைப்பிடித்தவர்தான் வக்ஃபு செய்யலாம் என்ற பிரிவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் நிறுத்திவைத்தது ஆறுதல். ஒருவரின் ஈமானை (இறைநம்பிக்கையை) அளப்பது எந்த அலுவலகத்தின் வேலை?

அதே மூச்சில் நம்மவர்களிடமும் கேட்கிறேன். இந்திய முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழுவின் 2006 அறிக்கையின்படி நாட்டில் பதிவான வக்ஃபுச் சொத்துகள் 4.9 லட்சத்துக்கும் மேல். நிலம் ஏறத்தாழ 6 லட்சம் ஏக்கர். ஆண்டு வருமானம் வெறும் 163 கோடி ரூபாய். ஒழுங்காக நிர்வகித்தால் 12,000 கோடி வரும் என்று அந்தக் குழு கணக்கிட்டது. இடையில் உள்ள அவ்வளவு தொகையையும் அரசு மட்டுமா தின்றது? கடை வாடகையை உயர்த்தவிடாமல் தடுத்தது யார்? பதிவு செய்யுங்கள் என்றபோது நாளை பார்க்கலாம் என்றவர்கள் யார்?

அதிராம்பட்டினம், இல்லத்தரசி: என் பாட்டி தென்னந்தோப்பு ஒன்றைப் பள்ளிவாசல் விளக்கெண்ணெய்க்காக வக்ஃபு செய்தார்கள். இப்போது மின்சாரம் வந்துவிட்டது. வருமானம் சும்மா கிடக்கிறது. ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குத் திருப்பலாமா?

பாட்டியின் நோக்கம் எண்ணெயா, வெளிச்சமா என்று முதலில் கேட்க வேண்டும். வெளிச்சம் என்றால் மின்கட்டணம் அதே நோக்கத்தில் அடங்கும். அதைத் தாராளமாகக் கட்டலாம். அதற்கும் மேல் மிஞ்சுவதை அந்த நோக்கத்துக்கு மிக நெருக்கமான வேறொன்றுக்குச் செலவிடலாம் என்பது ஃபகீஹ்களில் பலரின் நிலை. இரவில் பள்ளிவாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகள் இருந்தால், அவர்களிடமிருந்து தொடங்குங்கள் என்பேன். ஆனால் நீங்களாகவோ ஜமாஅத்தாகவோ முடிவெடுத்துவிடாதீர்கள். உபரியை மாற்றிச் செலவிட அனுமதிக்கும் அதிகாரம் வக்ஃபு வாரியத்துக்கு உண்டு. எழுத்தில் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

அதற்கு முன்னால், பாட்டியின் பத்திரத்தைத் தேடி எடுத்துக் கடைசி வரி வரை படியுங்கள். மிஞ்சினால் ஏழைகளுக்கு என்று ஒரு வரி பழைய பத்திரங்களில் பெரும்பாலும் இருக்கும். எழுத்து அரபுத்தமிழில் (அரபு எழுத்தில் எழுதிய தமிழில்) இருந்து வாசிக்க முடியாவிட்டால், நகல் எடுத்து எனக்கு அனுப்புங்கள். படித்துச் சொல்கிறேன்.