சில்வர்ச் சட்டி வாங்கும்போது காந்தத்தை நம்பலாமா?

சுன்னாகத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகள் தனிக்குடித்தனம் போவதால் சமையலுக்குச் சில்வர் ஏதனங்கள் வாங்கிக் கொடுக்க விரும்புகிறார். உறவினர் ஒருவர் அழைத்து வந்த விற்பனையாளர், அவருடைய குசினியிலேயே சமைத்துக் காட்டி, 'சத்திரசிகிச்சைக் கருவிகள் செய்யும் உருக்கு' என்று சொல்லி, ஒன்பது பாத்திரங்கள் அடங்கிய தொகுதியை மூன்று இலட்சம் ரூபாய்க்குத் தவணையில் தருவதாகக் கூறியிருக்கிறார். நகரத்துக் கடைக்காரரோ, காந்தம் ஒட்டாவிட்டால் அது முதல்தரச் சில்வர், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றாராம். வீட்டிலுள்ள பழைய சட்டி அடிப்பிடிக்கிறது. உள்ளே வானவில் நிறமும் வெள்ளைப் படையும் தெரிகின்றன. எதை நம்பி வாங்குவது என்பது அவருடைய கேள்வி.

அம்மா, முதலில் அந்தத் தவணைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். மற்றதை ஆறுதலாகப் பார்ப்போம்.

காந்தத்தைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் படித்தவர்கள்கூட இதில் ஏமாறுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நாங்கள் சில்வர் என்று சொல்லும் துருப்பிடிக்காத உருக்கு என்பது இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்த கலப்புலோகம். அந்தக் குரோமியம் காற்றுப் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படையொன்றை மேற்பரப்பில் உண்டாக்குவதால்தான் துரு ஏறுவதில்லை. சமையலுக்கு ஏற்றதென்று நாங்கள் சொல்லும் 304 என்ற தரத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. பெட்டிகளில் 18/8 என்று அச்சிடுவது இதைத்தான். நிக்கல் சேர்ந்திருப்பதால் அதில் காந்தம் ஒட்டாது. இதுவரை கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் நிக்கல் விலை கூடியது என்பதால், அதை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைத்து, மங்கனீசைக் கூட்டிச் செய்யும் 201, 202 என்ற மலிவான தரங்களும் இருக்கின்றன. உப்பையும் புளியையும் 304 அளவுக்குத் தாங்காத அவற்றிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே காந்தம் ஒட்டாத சட்டி நல்ல சட்டியாகவும் இருக்கலாம், மலிவான சட்டியாகவும் இருக்கலாம்.

காந்தம் ஒட்டினால் கூடாதது என்பதும் பிழை, இதை நான் சற்று விரித்தே சொல்ல வேண்டும். உண்மையான 304 தகட்டை அச்சில் அழுத்திச் சட்டியாக்கும்போது, அதிகம் இழுபட்ட விளிம்பிலும் வளைவிலும் உலோகத்தின் உள்ளமைப்பு மாறிவிடுவதால், அந்த இடங்களில் மட்டும் காந்தம் இலேசாக இழுபடும். அது குறையல்ல. அதைவிட முக்கியமாக, இன்டக்ஷன் அடுப்புக்கென்று செய்யப்படும் சட்டியின் அடியில், காந்தம் ஒட்டக்கூடிய 430 தர உருக்கை வேண்டுமென்றே வைப்பார்கள். காந்தம் ஒட்டாவிட்டால் அந்த அடுப்பில் சட்டி சூடேறாது. மகள் இப்போது காஸ் அடுப்பு வைத்திருந்தாலும், நாளைக்கு இன்டக்ஷன் வாங்கக்கூடும் என்றால், அடியில் காந்தம் இறுகப் பிடிக்கும் சட்டியைத்தான் தேட வேண்டும். அப்படியான சட்டியைக் கையிலெடுத்துக் காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு, 'இது கள்ளச் சில்வர்' என்று திருப்பி வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த 201 சட்டியைச் சந்தோசமாக வாங்கிப் போன ஒருவரை நானே கண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சமைத்துக் காட்டுபவர்களின் விடயத்துக்கு வருகிறேன். அவர்கள் உங்களுடைய அலுமினியச் சட்டியிலும் தங்கள் சட்டியிலும் அப்பச்சோடா கரைத்த தண்ணீரைக் கொதிக்க வைத்து, ருசி பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அப்பச்சோடா கொதித்தால் சலவைச் சோடாவாக மாறும். அதற்கே ஒரு கசப்பு உண்டு, அலுமினியத்தை அரிக்கவும் செய்யும். அந்தக் கரைசலில் எந்த வீட்டிலும் கறி வைப்பதில்லை. சத்திரசிகிச்சை உருக்கு என்பதும் ஒரு தரத்தின் பெயரல்ல, விற்பதற்குச் சூட்டிய பெயர். பெரும்பாலும் அவர்கள் கருதுவது 316 என்ற தரத்தை. அதில் 2 முதல் 3 சதவீதம் மொலிப்தீனம் சேர்வதால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் வீட்டுச் சமையலுக்கு 304 தாராளமாகப் போதும். உறவினர் வழியாக வருவதில்தான் பொறியே இருக்கிறது, ஏனெனில் அவருடைய முகத்துக்காக நாங்கள் விலையைப் பேசுவதில்லை.

உங்கள் சட்டி அடிப்பிடிப்பதற்குக் காரணம் தரமல்ல, மெல்லிய அடி. இந்த உருக்கு வெப்பத்தைக் கடத்தும் ஆற்றல் அலுமினியத்தினுடையதில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்குதான். பால் காய்ச்சிய சட்டியைக் கவனித்துப் பாருங்கள். கருகிய வளையம் அடுப்பின் நெருப்பு வட்டத்தை அச்சடித்தது போல இருக்கும். சூடு பக்கவாட்டில் பரவாமல், நெருப்புப் பட்ட இடத்திலேயே நின்றுவிட்டது என்பது அதன் பொருள். இதற்காகத்தான் இரண்டு உருக்குத் தகடுகளுக்கு நடுவே அலுமினியம் வைத்து அடியைச் செய்கிறார்கள். வெளிப்புறத்தில் அடியைச் சுற்றி ஒரு தடித்த தட்டுப் பொருத்தியது போன்ற விளிம்பு கையில் தட்டுப்பட வேண்டும். செப்பு நிறம் மட்டும் பூசிய அடியைக் கண்டு மயங்க வேண்டாம், அந்தப் பூச்சு சூட்டைப் பரப்பும் அளவுக்குத் தடிப்பாக இருப்பதில்லை. கடையில் நின்றபடியே பெருவிரலால் அடியின் நடுவை அழுத்துங்கள். 'டிக்' என்று உள்வாங்கினால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள். தனித்தகட்டுச் சட்டியென்றால் நிறுத்துப் பாருங்கள்: 24 சென்ரிமீற்றர் விட்டமுள்ள அடி மட்டும், பக்கச்சுவரைச் சேர்க்காமல், ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கு ஏறத்தாழ 360 கிராம் நிற்கும்.

வானவில் நிறம், சூட்டினால் அந்தக் குரோமியப் படை தடித்ததால் வருவது, தீங்கில்லை. வெள்ளைப் படை எங்கள் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரின் கொடை. இரண்டுக்கும் தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ விட்டு இலேசாகச் சூடாக்கிக் கழுவினால் போதும். ஊசி குத்தியது போன்ற சிறு குழிகள் விழுந்திருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அது குளிர்ந்த தண்ணீரில் போட்ட கல்லுப்பு கரையாமல் அடியில் கிடந்து செய்த வேலை. உப்பைத் தண்ணீர் கொதித்த பிறகு போட வேண்டும். பழப்புளி விட்ட மீன்குழம்பை இரவு முழுவதும் அதே சட்டியில் வைக்கக் கூடாது.

ஆகவே தொகுதியாக வாங்காதீர்கள். சோற்றுக்கு ஒன்று, கறிக்கு ஒன்று, ஒரு தாச்சி, இந்த மூன்றையும் அடுக்கு அடியுடன் 304 தரத்தில் எடுங்கள். தட்டு, மூடி, தேநீர்க் குவளை எல்லாம் எந்தச் சில்வராகவும் இருக்கட்டும். நான் பார்த்த பெரும்பாலான பாத்திரங்களில் தரத்தின் இலக்கம் பொறிக்கப்படுவதில்லை; சாப்பிடும் பொருள் சமைக்கும் ஏதனத்துக்கு ஓர் இலக்கம் அடிப்பதற்குக்கூட வியாபாரிகளை நிர்ப்பந்திக்க ஆளில்லாமல் இருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எனவே பற்றுச்சீட்டில் '304' என்று கடைக்காரரைக் கொண்டே எழுதுவியுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது விற்பவரின் கடமை. அந்த அதிகார சபைக்கு முறைப்பாடு செய்வதானால் வாங்கி மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். மலிவான உருக்கில் உப்பு குழி விழுத்துவதற்கு அதைவிடக் கூடிய காலம் எடுக்கலாம் என்பதை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. அதனால் முதல் மாதத்திலேயே அந்தச் சட்டிகளில் நன்றாகப் புளிக்கறி வைத்து, கழுவித் துடைத்து, வெயில் வெளிச்சத்தில் அடியைப் பார்க்கும்படி மகளிடம் சொல்லுங்கள்.