லெப்டொப்பைச் சொல்லாமல் மென்பொருள் கேட்காதீர்கள்

அனிமேஷனுக்கு எந்த மென்பொருள் நல்லது சேர்? (உயர்தர மாணவர், கொட்டகலை)

கடைக்குப் போய் "சப்பாத்து ஒன்று தாங்க" என்று மட்டும் கேட்பீர்களா? கால் அளவு சொல்ல வேண்டாமா? ரேம் எவ்வளவு, கையால் வரையப் போகிறீர்களா, முப்பரிமாணமா, ஒன்றும் எழுதவில்லை. இந்த முறை வந்த கடிதங்களில் பாதி இப்படித்தான். சரி, நானே ஊகிக்கிறேன். 4 ஜிபி ரேம் உள்ள பழைய லெப்டொப் என்றால் பென்சில் டூடி. 8 ஜிபி என்றால் கிரிட்டா அல்லது ஓப்பன்டூன்ஸ். முப்பரிமாணத்துக்கு பிளெண்டர். அதற்கு 8 ஜிபி குறைந்தபட்சம், 16 இருந்தால் நிம்மதி. நான்குமே இலவசம். எதை எடுத்தாலும் வேலையை இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

போன் மட்டும்தான் இருக்கிறது. பழக முடியுமா? (மஸ்கெலியா)

தாராளமாக. ஃபிளிப்பாகிளிப் என்ற செயலி போதும். இலவசப் பதிப்பு வீடியோவில் தன் முத்திரையைக் குத்தும், லேயரும் (ஒன்றன்மேல் ஒன்றாக வரையும் அடுக்கு) குறைவு. பழகுகிறவருக்கு அதெல்லாம் ஒரு குறையா? முதலில் ஒரு பந்தைத் துள்ள வையுங்கள். நொடிக்கு 12 படம் போதும். 24 என்று போட்டு இரண்டு நாளில் களைத்துப் போகாதீர்கள்.

டவுன் கடையில் அடோபி அனிமேட் 'கிராக்' 1,500 ரூபாய்க்குப் போட்டுத் தருகிறார்கள். ஒரிஜினல் வாங்க வசதி இல்லை. போடலாமா? (பண்டாரவளை)

வேண்டாம். போன தடவையும் சொன்னேன், அதற்கு முந்தின தடவையும் சொன்னேன்.

வசதி இல்லை என்பது எனக்கும் தெரியும். மாதச் சந்தா 20 டொலருக்கு மேல், நம் காசில் 7,000 ரூபாய் அளவில் வரும். கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கு அது நாலைந்து முழுப் பேர், அதாவது நாலைந்து நாள் முழுச் சம்பளம். அதைக் கட்டச் சொல்லவில்லை. காசில்லாமலே முறையாகக் கிடைப்பவை இத்தனை இருக்கும்போது, 1,500 கொடுத்துத் திருட்டுப் பிரதி வாங்குவது என்ன கணக்கு? இலவச பிளெண்டரில் செய்த ஒரு லாட்வியப் படம் 2025இல் ஒஸ்காரே வாங்கிவிட்டது.

கிராக் போடும்போது கடைக்காரர் முதலில் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். வைரஸ் காவலை நிறுத்துவார். வீட்டு நாயைக் கட்டிப்போட்டுவிட்டு வாசலைத் திறந்து வைக்கிற வேலை. நானும் ஒரு காலத்தில் இப்படிப் போட்டவன்தான். மூன்று வாரம் நன்றாக ஓடியது. ஒரு நாள் காலையில் பார்த்தால் எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலு எழுத்து. எதுவும் திறக்கவில்லை. டொலரில் பணம் கேட்டு ஒரு குறிப்பு மட்டும் கிடந்தது. எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தை வைத்து 40 நொடி வரைந்திருந்தேன், ஏறக்குறைய 500 படம். பென்டிரைவும் லெப்டொப்பில் குத்தியே இருந்ததால் அதிலிருந்த பிரதியும் சேர்ந்து போனது. கடைக்காரரிடம் போய் நின்றால், "ஃபோமட் பண்ணித் தர்றேன் தம்பி, ஆயிரம் ரூவா" என்றார்.

இன்னொன்றும் உண்டு. அனிமேட்டின் எஃப்எல்ஏ கோப்பு பெரும்பாலும் அந்த மென்பொருளுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். கிராக் ஒரு நாள் படுத்துவிட்டால் உங்கள் வேலையும் கூடவே படுத்துவிடும். ஆகவே இரண்டு இடத்தில் சேமியுங்கள், பிரதி எடுத்ததும் பென்டிரைவைக் கழற்றி வையுங்கள்.

பிளெண்டரைத் திறந்தாலே லெப்டொப் உறைந்துவிடுகிறது. 4 ஜிபி ரேம். (லிந்துலை)

முதல் பதிலைப் படியுங்கள்.

பிளெண்டரில் தமிழில் தலைப்பு போட்டால் கொம்பும் காலும் இடம் மாறுகின்றன. (ஆசிரியை, ஹப்புத்தளை)

இது நல்ல கேள்வி. நான் பயன்படுத்திய பதிப்புகளிலும் இதே தொல்லைதான் டீச்சர். தலைப்பை இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் யூனிகோட் எழுத்துருவில் தட்டி, எழுத்தைக் கோட்டுருவாக (path) மாற்றுங்கள். எஸ்விஜி கோப்பாகச் சேமித்து அதை பிளெண்டருக்குள் கொண்டுவந்தால் 'கொ' ஒழுங்காக நிற்கும். இன்க்ஸ்கேப்பும் இலவசம். மாற்றிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது, அதனால் முன்பே ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

ஓப்பன்டூன்ஸ் ஜப்பானின் கிப்லி ஸ்டூடியோ பயன்படுத்தியதாமே. அதைப் படித்தால் அவர்களைப் போல வருமா? (பதுளை)

அவர்கள் பயன்படுத்திய டூன்ஸ்தான் 2016இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. நிஜம். அவர்கள் பென்சிலும் பயன்படுத்தினார்கள் தம்பி. அது பெட்டிக்கடையிலேயே கிடைக்கும்.

மகனுக்கு 11 வயது. கார்ட்டூன் செய்ய, கணினியில் பேனாவால் வரைகிற பென் டெப்லட் கேட்கிறான். 15,000 சொல்கிறார்கள். வாங்கலாமா? (ஒரு தாய், தலவாக்கலை)

அவசரப்படாதீங்க அக்கா. ஒரு பழைய சீ.ஆர். கொப்பியின் மூலையில், பக்கத்துக்கு ஒன்றாக ஒரு பறவையை வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் சிறகு கொஞ்சம் மாறவேண்டும். விரலால் பக்கங்களை விசிறினால் பறக்கும். 40 பக்கம் முடித்தான் என்றால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். ஆறுக்கு நாலு அங்குலச் சிறியதே போதும், திரை உள்ளது வேண்டாம். ருசி கண்டு கணிதக் கொப்பியிலும் வரையத் தொடங்கி வகுப்பாசிரியர் உங்களைக் கூப்பிட்டால், என் பெயரைச் சொல்லாதீர்கள்.