ஒரு போருக்கு ஒரு தட்டு

கேள்வி: நண்பர்களோடு வாராவாரம் பலகையில் போர் விளையாட்டு ஆடுகிறேன். இப்போது வாட்டர்லூ. அந்த ஆர்வத்தில் ராணுவ வரலாற்றுப் புத்தகங்கள் வாங்கி, இரண்டே வருடத்தில் அறுபது சேர்ந்துவிட்டன. ரோமானியர் முதல் வியட்நாம் வரை இருக்கின்றன. முழுதாகப் படித்தது ஐந்தாறுதான். இதை நல்ல நூலகமாக்க என்ன செய்யலாம்?
- வாசகர், திருச்சி

பதில்: அறுபதும் அப்படியே இருக்கட்டும், விற்க வேண்டாம். ஒரே ஒரு தட்டைக் காலி செய்து வாட்டர்லூவுக்கு ஒதுக்குங்கள். ஆடுகிற போரைத்தான் ஆழமாகப் படிக்க முடியும். அலமாரி அங்கிருந்து தானாக வளரும்.

முதலில் வரைபடம். பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன், பிரிட்டிஷ் தலைமையிலான படையிடமும் அதன் கூட்டாளியான பிரஷ்யப் படையிடமும் (பிரஷ்யா அன்றைய ஜெர்மன் அரசு) தோற்ற போர் இது. 1815 ஜூன் 18 அன்று நடந்ததில் பாதியை மண் தீர்மானித்தது. முந்தின இரவு மழையில் நிலம் சேறானதால் நெப்போலியன் தாக்குதலைத் தள்ளிவைத்தார். கிழக்கிலிருந்து வந்த பிரஷ்யப் படையும் அதே சேற்றில்தான் பீரங்கிகளை இழுத்தது. ஆகவே எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் படப் பக்கத்தைப் புரட்டுங்கள். எழுத்தில் வரும் ஊர் படத்தில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

அப்புறம், நேரில் நின்றவர்களின் எழுத்து. இதற்குத்தான் நான் அதிகம் செலவழிப்பேன். வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, போர்க்களத்தைச் சிறிய அளவில் மாதிரியாகச் செய்ய நினைத்து, 1830களில் உயிரோடிருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் அனுப்பினார். மாலை 7 மணிவாக்கில் உங்கள் படைப்பிரிவு எங்கே நின்றது? முன்னால் வயலில் என்ன பயிர்? இப்படிக் கேட்டார். வந்த பதில்களில் ஒரு பகுதியை அவர் மகன் 1891இல் நூலாக்கினார். காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். மேசையில் போரை அடுக்கிப் பார்க்க ஆசைப்பட்ட ஒருவரால்தான் இந்தச் சாட்சியங்கள் நமக்குக் கிடைத்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

போர்க்களத்தின் நடுவில் இருந்த லா ஹே செயின்ட் பண்ணை உங்கள் பலகையில் ஒரு கட்டமாக இருக்கலாம். பிரிட்டிஷ் தரப்பில் அதைக் காத்த மேஜர் பேரிங் எழுதியதைப் படியுங்கள். முந்தின இரவு குளிருக்கு விறகாகக் களஞ்சியக் கதவையே உடைத்து எரித்துவிட்டார்கள். மறுநாள் அந்தத் திறந்த வாசலில்தான் எதிரியைத் தடுக்க வேண்டியிருந்தது. தோட்டா கேட்டுத் திரும்பத் திரும்ப ஆள் அனுப்பியும் வரவில்லை. மாலையில் பண்ணை வீழ்ந்தது. இதைப் படித்துவிட்டு அந்தக் கட்டத்தில் வில்லையை வைக்கும்போது, குண்டு தீரும் விதி ஏன் இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிராது.

சைபோர்னுக்கு எழுதியவர்கள் பிரிட்டிஷ் தரப்பினர், அதுவும் இருபது வருடம் கழித்து. அதனால் பிரஷ்யர், பிரெஞ்சுக்காரர் பக்கத்திலிருந்து ஒவ்வொரு நூலாவது பக்கத்தில் இருக்கட்டும்.

விதிப்புத்தகங்களைத் தனியாகப் பெட்டியில் போடாதீர்கள், அதே தட்டில் வையுங்கள். 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் பிரஷ்ய அதிகாரி போர் விளையாட்டுக்கு விதிகள் வெளியிட்டார். ராணுவத்துக்கு அதைப் பரிந்துரைத்த தளபதி முஃப்ளிங், வாட்டர்லூவில் பிரிட்டிஷ் தரப்பின் தலைமைத் தளபதி வெலிங்டனோடு இருந்த பிரஷ்யத் தொடர்பு அதிகாரி. அந்த விதிகள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன.

அடுத்த புத்தகம் எப்போது? ஆட்டத்தில் ஒரு கேள்வி எழும்பி, கையிலுள்ளது எதிலும் பதில் இல்லாதபோது மட்டும். ஆட்டம் முடிந்த இரவே, எந்தப் பக்கம் எந்தக் கட்டத்தைப் பற்றியது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துவிடுங்கள்.